லெம்பாட்டா தீவின் லமலேரா: போய் வந்தவர்களும் தெரிந்தவர்களும் பேசலாம்

தென்கரை (இழையைத் தொடங்கியவர்)

வேலைக்காக நான்கு வருடம் இந்தோனேசியாவின் சுரபாயாவில் இருந்தேன். அப்போது கிடைத்த ஒரு நீண்ட விடுப்பில், திமிங்கல வேட்டை ஊரான லமலேரா போய் ஒன்பது நாள் தங்கினேன். திரும்பி வந்து பல வருடம் ஆகியும் அந்த ஊர் மனதை விட்டுப் போகவில்லை. பாலியைப் பற்றியும் ஜாவாவைப் பற்றியும் இங்கே எவ்வளவோ பேசியிருக்கிறோம். இந்த ஊருக்கு ஓர் இழைகூட இல்லை, அதனால் நானே தொடங்குகிறேன். நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

புளோரஸ் தீவின் கிழக்கு முனையைத் தாண்டினால் அடோனாரா, சோலோர், லெம்பாட்டா என்று தீவுகள் வரிசையாக வரும். எல்லாம் கிழக்கு நூசா தெங்காரா மாகாணம். லெம்பாட்டாவின் வடக்குப் பக்கம் லெவோலெபா என்ற சிறிய நகரம் இருக்கிறது. தெற்கே, லபலேகன் மலை கடலுக்குள் சரிகிற இடத்தில் லமலேரா. லெவோலெபாவிலிருந்து, லாரியின் பின்புறம் பலகை அடித்து உட்கார இடம் செய்த வண்டியில் போனேன். தூரம் பெரிதில்லை, ஆனாலும் நான்கு மணி நேரம் ஆனது. ஓர் ஏற்றத்தில் எல்லோரும் இறங்கி, சக்கரத்துக்கு அடியில் கல் போட்டுத் தள்ளினோம். பக்கத்தில் இருந்த பாட்டி மடியில் ஒரு கோழியை வைத்திருந்தார், அதை என் கையில் கொடுத்துவிட்டு அவரும் வந்து தள்ளினார்.

ஊர் வருவதை முதலில் மூக்குதான் சொல்லும். வீட்டுக்கு வீடு மூங்கில் கொடிகளில் திமிங்கல இறைச்சி பட்டை பட்டையாகக் காய்கிறது. கொழுப்பு வெயிலில் உருகிச் சொட்டுகிறது, அந்த எண்ணெயையும் கீழே பாத்திரம் வைத்துப் பிடித்துக்கொள்கிறார்கள். இரண்டு நாள் அந்த வாடை தலையைச் சுற்ற வைத்தது. மூன்றாம் நாள் பழகிவிட்டது.

மேட்டில் ஒரு பகுதி, கடலை ஒட்டி ஒரு பகுதி. அரசாங்கம் இதை லமலேரா ஏ, லமலேரா பி என்று இரண்டு கிராமங்களாகக் கணக்கு வைத்திருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் சுமார் 2,000 பேர். நிலம் பாறையும் சரிவுமாக இருக்கிறது, விவசாயம் என்று பெரிதாகச் சொல்ல முடியாது. கடற்கரை சின்னது. அதில் கூரை வேய்ந்த படகுக் கொட்டகைகள் தோளோடு தோள் இடித்து நிற்கின்றன, நடுவில் புனித பேதுருவின் சிற்றாலயம். ஊர் முழுக்கக் கத்தோலிக்கர்கள்.

இவர்கள் வேட்டையாடுவது முக்கியமாக எண்ணெய்த் திமிங்கலம். அவர்கள் மொழியில் கோத்தெக்லெமா. படகின் பெயர் தேனா. படகின் முன்முனையான அணியத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் மூங்கில் மேடையில் நிற்பவர் லமாஃபா. கையில் நீண்ட மூங்கில், அதன் முனையில் இரும்பு. நம் சங்கப் பாடல்களில் பரதவர் கையில் வருமே எறியுளி, அதேதான். எறிவதற்குப் பதிலாக லமாஃபா அதைப் பிடித்தபடியே திமிங்கலத்தின் மேல் பாய்கிறார். தன் உடம்பின் கனத்தையும் சேர்த்துக் குத்தினால்தான் அந்தத் தோலுக்குள் இரும்பு இறங்கும்.

மே முதல் அக்டோபர் வரை லெஃபா. அதுதான் கடல் திறந்திருக்கும் காலம். மற்ற மாதங்களில் படகுகள் கொட்டகையில் இருக்கும், ஆனால் கரையிலிருந்து யாராவது திமிங்கலத்தின் நீர்ப்பீச்சைப் பார்த்துவிட்டால் "பலேயோ! பலேயோ!" என்று குரல் கொடுப்பார்கள். அந்தக் குரல் வீடு வீடாக மேட்டூர் வரை ஏறும். சமையலில் இருப்பவர், பள்ளிக்கூடத்தில் இருப்பவர், எல்லோரும் ஓடுவார்கள்.

நான் இருந்தபோது வேட்டையைக் கடலில் பார்க்கவில்லை. ஐந்தாம் நாள் கரைக்கு வந்த ஒரு திமிங்கலத்தைப் பங்கு போட்டதைப் பார்த்தேன். அதைப் பற்றித்தான் எனக்கு நிறையப் பேச வேண்டும்.

மழைக்காலம்

அண்ணா, படிக்கப் படிக்க அங்கேயே நிற்கிற மாதிரி இருக்கிறது. ஆண்கள் கடலுக்குப் போகிறார்கள், சரி. விவசாயம் இல்லாத ஊரில் சோறு எங்கிருந்து வருகிறது? பெண்கள் என்ன செய்கிறார்கள்? அதையும் எழுதுங்கள்.

நீலத்திமில்

நல்ல பதிவு. ஆனால் ஒன்றை இங்கேயே சொல்ல வேண்டும். நான் கடல் உயிரியல் படித்தவன். எண்ணெய்த் திமிங்கலம் உலக அளவில் அழிவாய்ப்புக்கு ஆளாகக்கூடிய இனம். பெண் திமிங்கலம் ஒரு கன்று போட்டால் அடுத்த கன்றுக்கு நான்கு வருடமாவது ஆகும். தாய், பாட்டி, சித்தி என்று பெண்வழிக் குடும்பமாகவே வாழ்கின்றன. தாய் ஆழத்துக்கு இரை தேடிப் போகும்போது கூட்டத்தின் மற்றப் பெண்கள் கன்றைப் பார்த்துக்கொள்கின்றன. அப்படி ஓர் உயிரின் மேல் இரும்போடு பாய்வதை வீரம் என்று எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. இந்தோனேசியாவிலேயே 1999-ஆம் ஆண்டு அரசாணையின்படி இவை பாதுகாக்கப்பட்ட உயிரினங்கள்.

முத்துநகர்

எங்கள் வீடு தலைமுறையாகக் கடல் தொழில் செய்யும் வீடு. எனக்குப் படகு பற்றித் தெரிய வேண்டும். ஆணி இல்லாமல் கட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். உண்மையா? அப்புறம் பங்கு எப்படிப் பிரிக்கிறார்கள்? எங்கள் ஊரில் படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு என்று போகும்.

தென்கரை

ஒவ்வொன்றாக வருகிறேன். நீலத்திமில் கேட்டதைத் தட்டிக் கழிக்க மாட்டேன், ஆனால் பங்கைச் சொல்லாமல் அதற்குப் பதில் சொல்ல எனக்கு வராது.

முத்துநகர், ஆணி இல்லை என்பது உண்மை. தேனா பத்துப் பன்னிரண்டு மீட்டர் நீளம் இருக்கும். அடிக்கட்டையில் தொடங்கி, பலகையோடு பலகையை மரக்குச்சிகளால் பொருத்திக்கொண்டே மேலே போகிறார்கள். பலகையின் உள்பக்கம் செதுக்கும்போதே சிறு முண்டுகளை விட்டுவைக்கிறார்கள். சட்டங்களைப் பிறகு உள்ளே வைத்து, அந்த முண்டுகளோடு பிரம்பால் இறுக்கிக் கட்டுகிறார்கள். திமிங்கலம் இழுக்கும்போது உடையாமல் நெளிந்து கொடுக்க இந்தக் கட்டுதான் காரணம் என்று ஒரு தச்சர் எனக்குச் சைகையோடு விளக்கினார். வரைபடம் கிடையாது. எந்தப் பலகைக்கு அடுத்து எது, எந்த நீளம் என்பதெல்லாம் முன்னோர் வகுத்தது. மாற்றினால் படகு கோபித்துக்கொள்ளும் என்கிறார்கள். முதல் படகின் பெயர் கெபாகோ புகா, மற்றவை எல்லாம் அதன் வழி வந்தவை. பாய் இன்னும் ஓலைப் பாய்தான், செவ்வகமாக, சிறு சதுரங்களாகப் பின்னித் தைத்தது. இரண்டு கால் பாய்மரத்தில் ஏற்றுகிறார்கள்.

தேனா ஒரு குலத்தின் சொத்து, தனி ஆளுக்குச் சொந்தம் கிடையாது. பழைய படகு போய்ப் புதிது கட்டினாலும் பெயர் அதேதான், அதே படகாகத்தான் எண்ணுகிறார்கள். கடலில் ஒரு தேனா நொறுங்கினால் அந்தக் குலம் ஆள் இறந்தது போலத் துக்கம் காக்கிறது.

இனி பங்கு. கரையில் கிடந்தது நடுத்தர அளவு. அது முழுதாகப் பிரிந்து முடிய ஒரு நாளுக்கு மேல் ஆனது. நான் எதிர்பார்த்தது கூச்சல். அங்கே இருந்தது ஒரு கணக்கு. உடம்பின் இந்தப் பகுதி இன்னாருக்கு என்று முன்பே முடிவானது. படகுக் குலத்தினர், துடுப்புப் போட்டவர்கள், இரும்பு அடித்துக் கொடுத்த கொல்லர், தச்சர், பாய் முடைந்தவர் என்று ஒவ்வொருவருக்கும் உரிமையான துண்டு இருக்கிறது. தலையில் ஒரு பகுதி நிலத்துக்கு உரியவர்களுக்குப் போகும். இவர்களுடைய முன்னோர் கடல்வழி வந்து இறங்கியபோது இங்கே ஏற்கெனவே இருந்தவர்கள் அந்த நிலத்துக் குலத்தார்தான், வூஜோன் குலம் அதில் ஒன்று. இடம் கொடுத்தவர்களுக்கு இத்தனை தலைமுறைக்குப் பிறகும் திமிங்கலத்தின் தலையிலிருந்து நன்றி போய்க்கொண்டிருக்கிறது. அந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

கடலுக்குப் போக ஆண் இல்லாத வீடுகளுக்கும் இறைச்சி போய்ச் சேர்கிறது. உறவுமுறை வழியாகவும் கொடுத்தும் வாங்கியும் அது ஊரெல்லாம் பரவுகிறது. ஒரு விதவைத் தாயின் முற்றத்துக் கொடியில் மற்ற வீடுகளில் இருந்த அளவுக்கே பட்டைகள் காய்ந்ததை நானே பார்த்தேன்.

மழைக்காலம், சோறு எங்கிருந்து வருகிறது என்று கேட்டீர்கள். பெண்களின் தலைச்சுமையில் வருகிறது! காய்ந்த இறைச்சியையும் கருவாட்டையும் கூடையில் வைத்து மலைக் கிராமங்களுக்கு ஏறுகிறார்கள். மலையில் மக்காச்சோளம், வாழை, கிழங்கு எல்லாம் உண்டு, கடல் கிடையாது. ஒரு பட்டைக்குப் பன்னிரண்டு வாழைப்பழம், அல்லது பன்னிரண்டு சோளக் கதிர். ஆறு என்பது ஒரு முங்கா, எண்ணுவதெல்லாம் ஆறு ஆறாகத்தான். சனிக்கிழமை பக்கத்து ஊரான வூலாண்டோனியில் சந்தை. இரண்டு பக்கத்துப் பெண்களும் சரக்கைப் பரப்பிக்கொண்டு காத்திருப்பார்கள். மேற்பார்வை பார்க்கிறவர் விசில் ஊதிய பிறகுதான் மாற்றிக்கொள்ளலாம். ரூபியாவும் புழங்குகிறது, ஆனால் சோளம் வேண்டும் என்றால் மீன்தான் பேசும்.

இன்னொன்று. தீவில் நெசவு உண்டு. பெண்கள் நூலில் கட்டுக் கட்டிச் சாயம் ஏற்றி நெய்கிற துணியில் தேனாவும் திமிங்கலமும் கொம்புத் திருக்கையும் (மான்டா) வரும். நான் தங்கியிருந்த வீட்டு அக்கா ஒரு சேலை நீளத் துணியை மாதக்கணக்கில் நெய்துகொண்டிருந்தார், அது மகளின் கல்யாணத்துக்கு.

ஏடு

கல்யாணம் என்றதும் எனக்கு நினைவு வந்தது. லெம்பாட்டா பக்கம் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுக்குக் கொடுப்பது யானைத் தந்தம். பெண் வீட்டார் திரும்பக் கொடுப்பது அந்தக் கட்டுச்சாயத் துணி. யானையே இல்லாத தீவு அது! எல்லாம் பழைய வணிகத்தில் வந்து சேர்ந்தவை. அந்த வணிகத்தில் குஜராத்தின் படோலாப் பட்டும் வந்தது. அதைக் குலச் சொத்தாகப் பொத்தி வைத்திருக்கிறார்கள், அதன் கோலங்களைப் பார்த்து உள்ளூர்த் துணிகளிலும் நெய்திருக்கிறார்கள்.

வேட்டை எவ்வளவு பழையது என்பதிலும் ஒரு தகவல். போர்த்துக்கீசிய தொமினிக்கன் துறவிகள் 1566-இல் சோலோரில் கோட்டை கட்டினார்கள். 1624-ஆம் ஆண்டின் ஒரு போர்த்துக்கீசிய ஆவணம், இந்தத் தீவுக்காரர்கள் எறியுளியால் திமிங்கலம் பிடிப்பதைச் சொல்கிறது. ஆங்கிலேய, அமெரிக்கத் திமிங்கலக் கப்பல்கள் இந்தப் பக்கம் வருவதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கும் முன்பு இது. வெள்ளைக்காரரிடம் கற்றது என்று சிலர் எழுதுவது தவறு.

இவர்கள் வாய்மொழி வரலாறு சுலாவேசியின் லூவுக்கில் தொடங்குகிறது. பிறகு லெம்பாட்டாவுக்குக் கிழக்கே லெப்பான் பத்தான் என்ற சிறு தீவில் இருந்தார்கள், கடல் பொங்கி அதை அழித்தது, தப்பியவர்கள் லமலேரா வந்தார்கள் என்று போகிறது. பெரிய நீலத் திமிங்கலத்தை இவர்கள் தொடுவதே இல்லை. ஒரு முன்னோரை அது முதுகில் சுமந்து கரை சேர்த்தது என்பது நம்பிக்கை.

கொடிமரம்

கொம்புத் திருக்கைகளை ஆயிரக்கணக்கில் கொன்று சீனாவுக்கு விற்ற ஊர் இதுதானே? ஆவணப்படத்தில் பார்த்திருக்கிறேன்.

ஏடு

இல்லை நண்பரே, நீங்கள் சொல்வது லமகேரா. சோலோர் தீவில் இருக்கும் முஸ்லிம் கிராமம். ஓர் எழுத்து வித்தியாசம், பலரும் குழம்புகிறார்கள். திருக்கையின் செவுள் தகடுகளுக்குச் சீன மருந்துச் சந்தையில் விலை ஏறியபோது பெரிய அளவில் வேட்டை நடந்தது அங்கேதான். 2014-இல் இந்தோனேசியா கொம்புத் திருக்கைகளுக்கு நாடு முழுவதும் முழுப் பாதுகாப்புக் கொடுத்தது.

நீலத்திமில்

திருத்தம் சரி. ஆனால் லமலேராவிலும் திருக்கை பிடிக்கிறார்கள், செவுள் தகடு அங்கிருந்தும் விலை போயிருக்கிறது. பங்கு பற்றித் தென்கரை எழுதியது என்னைத் தொட்டது, மறைக்க மாட்டேன். இரண்டு முறை படித்தேன். ஆனாலும் கேட்கிறேன். அழகான பங்கீடு இருப்பதால் கொல்வது சரியாகிவிடுமா? அப்புறம், இப்போது வெளிப்பொறி (மோட்டார்) பூட்டிய படகில் துரத்துகிறார்கள். தப்பிக்கத் திமிங்கலத்துக்கு இருந்த வாய்ப்பு போய்விட்டதே. அதையும் மரபு என்றே சொல்வீர்களா?

தென்கரை

இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன், நீலத்திமில். நேர்மையாகப் பதில் சொல்ல முயல்கிறேன்.

முதலில் எண்ணிக்கை. இருபதாம் நூற்றாண்டில் மட்டும் தொழில்முறைக் கப்பல்கள் கொன்றது ஏறக்குறைய 29 லட்சம் திமிங்கலங்கள். பெரும்பகுதி எண்ணெய்க்காக. லமலேராவில் 1960-களின் இறுதியில் ஒரு நல்ல வருடத்தில் ஐம்பதைத் தாண்டியது, 1980-களில் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிய வருடங்களும் உண்டு. துடுப்பும் ஓலைப் பாயும் வைத்திருந்தவர்கள் திமிங்கலங்களை அழிவின் விளிம்புக்குத் தள்ளவில்லை. தள்ளிய நாடுகளில் பெரும்பாலானவை, சர்வதேசத் திமிங்கல வேட்டை ஆணையத்தின் வழியாக 1986-இல் வணிக வேட்டைக்குத் தடை கொண்டுவந்து நின்றுவிட்டன. அந்த ஆணையத்தில் இந்தோனேசியா உறுப்பினர் இல்லை. உள்நாட்டுச் சட்டத்தைப் பொறுத்தவரை, இந்த ஊரின் பிழைப்பு என்பதால் அரசு கண்டும் காணாமல் விட்டிருக்கிறது.

ஆனால் எண்ணிக்கை குறைவு என்பதோடு நான் நிறுத்திக்கொள்ள மாட்டேன். கரையில் கிடந்த அந்த உடலின் பக்கத்தில் நின்றிருக்கிறேன். அதன் கண் சின்னது. அந்தக் கண்ணைப் பார்த்துவிட்டு உங்களோடு வாதாட எனக்கு நா எழாது. நீங்கள் சொன்ன சித்தியும் பாட்டியும் அதற்கும் இருந்திருப்பார்கள்.

ஊர்க்காரர்களும் அதை வெறும் இறைச்சியாகப் பார்ப்பதில்லை. முன்னோர் அனுப்பிய கொடை என்கிறார்கள். வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு லமாஃபா கடலுக்குப் போகக் கூடாது, மனைவியோடும் பக்கத்து வீட்டாரோடும் இருக்கும் வழக்கைத் தீர்த்துவிட்டுத்தான் போக வேண்டும். எறியுளி பிசகினாலோ ஆள் அடிபட்டாலோ முதலில் தேடுவது, யார் வீட்டில் என்ன மனக்கசப்பு என்று. ஏப்ரல் கடைசியில் நிலத்துக் குலத்தார் மலைப்பக்கமிருந்து சடங்கு செய்து திமிங்கலத்தை அழைக்கிறார்கள். பிறகு கடலில் மாண்டவர்களுக்காகக் கரையில் திருப்பலி, மெழுகுவர்த்திகள். மே 1 அன்று பாதிரியார் படகுகளுக்குத் தீர்த்தம் தெளிக்கிறார். மாண்டவர் பட்டியல் சின்னதில்லை. கயிற்றில் கால் மாட்டியவர்கள், வால் அடித்து விழுந்தவர்கள். 1994-இல் திமிங்கலம் இழுத்துப் போன படகுகள் கரை தெரியாமல் பல நாள் மிதந்தன, சிலரைக் கப்பல் ஒன்று காப்பாற்றியது. இந்தப் பயமும் இந்த மரியாதையும் இருந்ததால்தான் அவர்கள் வேட்டைக்கு ஓர் அளவு இருந்தது.

சரி, பொறிப் படகு. இங்கே நான் உங்கள் பக்கம்தான். ஜோன்சன் என்கிறார்கள், பொறியின் பழைய வணிகப் பெயரே படகுக்கு வந்துவிட்டது. இப்போது ஜோன்சன் தேனாவைக் கட்டி இழுத்துக்கொண்டு போய்த் திமிங்கலத்தின் பக்கத்தில் விடுகிறது. திருக்கைக்கும் ஓங்கிலுக்கும் (டால்பின்) தேனாவே தேவையில்லை, ஜோன்சனே போகிறது. பெட்ரோலுக்குக் காசு வேண்டும். காசு வேண்டும் என்றால் பிடித்ததில் ஒரு பகுதியை விற்க வேண்டும். ஜோன்சன் பெரும்பாலும் ஓரிருவருக்குச் சொந்தம், குலத்துக்கு இல்லை. அங்கேதான் பங்கின் கணக்கு தளர்கிறது. நான் தங்கிய வீட்டுப் பெரியவர் திமிங்கலம் குறைவதைப் பற்றிப் பேசினார், ஆனால் அதைவிட அதிக வருத்தத்தோடு பேசியது வலையில் விழும் மீன் பற்றி. அந்த மீனில் கொல்லருக்குத் துண்டு இல்லை, தச்சருக்கு இல்லை, நிலத்தாருக்கு இல்லை.

அதனால் கொல்வது சரியா என்ற உங்கள் கேள்விக்கு என்னால் ஆம் என்று சொல்ல முடியவில்லை. பங்கு உடைந்தால் அந்த வேட்டைக்கு நான் சொல்லக்கூடிய நியாயம் எதுவும் மிஞ்சாது என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

மழைக்காலம்

அண்ணா, நிலத்தாருக்குத் தலை போகும் இடத்தில் எனக்கும் கண் கலங்கியது. வெளியிலிருந்து யாரும் உதவிக்கு வரவில்லையா? மாற்றுத் தொழில் எதுவும்?

கொடிமரம்

என் குழப்பத்தைத் திருத்தியதற்கு நன்றி ஏடு. மழைக்காலம் கேட்டதற்கு எனக்குத் தெரிந்தது. 1970-களில் ஐக்கிய நாடுகள் உணவு வேளாண் அமைப்பு வேட்டையை நவீனப்படுத்த ஒரு நார்வேத் திமிங்கல வேட்டைக்காரரையே பீரங்கி எறியுளிப் படகோடு அனுப்பியது! திட்டம் ஊன்றவில்லை. இன்று கேட்கவே விநோதமாக இருக்கிறது. ஒரு தலைமுறைக்குள் உலகம் "இன்னும் நிறையப் பிடி" என்று சொன்ன வாயாலேயே "பிடிக்காதே" என்று சொல்லிவிட்டது. 2009-இல் இந்தத் தீவுகளுக்குத் தெற்கே உள்ள சவு கடலில் (Savu Sea) தேசியப் பூங்கா அறிவிப்பு வந்தபோது இந்த ஊர் எதிர்த்து எழுந்தது. லெம்பாட்டா கடல் பூங்கா எல்லைக்குள் வரவில்லை.

நீலத்திமில்

தென்கரை, நீங்கள் எழுதிய கடைசி வரியை ஏற்கிறேன். நானும் ஒன்றை விட்டுக்கொடுக்கிறேன். தடை எழுதும் மேசையில் அந்த ஊர்ப் பெண்கள் உட்கார வேண்டும். சோளம் எப்படி வரும் என்று அவர்களிடம் கேட்காமல் போடும் எந்தப் பாதுகாப்பும் நிற்காது. திமிங்கலம் பார்க்கவரும் சுற்றுலாவை எல்லோரும் மாற்றாகச் சொல்கிறார்கள். நானும் அப்படித்தான் சொல்லிவந்தேன். இப்போது முதலில் கேட்கத் தோன்றுவது, அந்தக் காசு யார் யாருக்குப் பிரியும் என்பதுதான்.

ஆனால் திருக்கை விஷயத்தில் இறங்கி வர மாட்டேன். அது சில வருடங்களுக்கு ஒரு குட்டிதான் போடும். அதைப் பொறிப் படகில் துரத்தினால் எந்தக் கடலும் தாங்காது.

ஏடு

மாற்று என்றால் இந்த ஊருக்குப் படிப்பு ஒரு பழைய வழி. 1920-இல் ஜெர்மானியப் பாதிரியார் பெர்னார்டுஸ் போடே வந்து தங்கிய காலத்திலிருந்து பள்ளிக்கூடம் இங்கே வேரூன்றியது. இத்தனை சின்ன ஊரிலிருந்து எத்தனையோ ஆசிரியர்கள், பாதிரியார்கள். இந்தோனேசியப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மொழிநடை கற்பித்த நூல்களை எழுதிய மொழியியலாளர் கோரிஸ் கெராஃப் லமலேராக்காரர். தன் ஊர்ப் பேச்சின் சொல்லிலக்கணத்தை ஆராய்ந்துதான் முனைவர் பட்டம் வாங்கினார். இன்னொருவரைச் சொன்னால் நீலத்திமிலுக்கு வியப்பாக இருக்கும். சோனி கெராஃப், லமலேராவில் பிறந்தவர், 1999 முதல் 2001 வரை இந்தோனேசியாவின் சுற்றுச்சூழல் அமைச்சர்.

நீலத்திமில்

சோனி கெராஃப் எழுதிய சுற்றுச்சூழல் அறம் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். அந்த ஊர்க்காரர் என்பது இன்றுதான் தெரியும். கொஞ்சம் நேரம் சும்மா உட்கார்ந்துவிட்டேன்.

மழைக்காலம்

அங்கே போக ஆசை வந்துவிட்டது. பெண்கள் தனியாகப் போகலாமா அண்ணா? எந்த மாதம்?

தென்கரை

தாராளமாகப் போகலாம் அம்மா. குப்பாங் வரை விமானம், அங்கிருந்து சின்ன விமானத்திலோ கப்பலிலோ லெவோலெபா. இல்லையென்றால் புளோரஸில் மௌமெரேவில் இறங்கி, சாலையில் லராந்துகா வந்து, அங்கிருந்து படகில் லெவோலெபா. பிறகு அந்த லாரி. வெள்ளிக்கிழமை போய்ச் சேர்ந்தால் மறுநாள் வூலாண்டோனி சந்தையைப் பார்த்துவிடலாம். மே தொடக்கத்தில் போனால் திருப்பலி கிடைக்கும். தங்குவது வீடுகளில்தான். சோளமும் கருவாடும் போடுவார்கள், திமிங்கலம் வேண்டாம் என்றால் வற்புறுத்த மாட்டார்கள். கரையில் படம் எடுக்கும் முன் கேட்டுவிடுங்கள். தேனாவைத் தாண்டிக் காலை வைக்காதீர்கள், சுற்றிப் போங்கள்.

முத்துநகர்

தாமதமாக வருகிறேன். இந்த இழை முழுவதையும் அப்பாவுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். அவருக்கு எழுபது தாண்டிவிட்டது, கடலுக்குப் போவதை நிறுத்திப் பத்து வருடம். பிரம்பால் கட்டும் படகு என்றதும் தலையாட்டிக்கொண்டே கேட்டார். அவர் சின்ன வயதில் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளைச் சென்னைக் கரையில் பார்த்தவர். கொல்லருக்கும் தச்சருக்கும் துண்டு உண்டு என்ற இடத்தை மறுபடி வாசிக்கச் சொன்னார். திமிங்கலம் பற்றிய சண்டையில் எதுவும் சொல்லவில்லை. கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார், உங்களிடம் கேட்டுச் சொல்லச் சொன்னார். "அவ்வளவு பெரிய மிருகம் இழுக்குது, அந்தக் கயிறு எதுல திரிக்கிறாங்க?"

தென்கரை

அப்பாவுக்கு என் வணக்கம். இவ்வளவு எழுதிய எனக்கு அது தோன்றவே இல்லை பாருங்கள்.

கயிற்றின் பெயர் லேயோ. பருத்தியைக் கையால் நூற்று, தாளிப்பனை இனத்தைச் சேர்ந்த கெபாங் ஓலையின் நாரும், கடலோரத்தில் வளரும் நீர்ப்பருத்தி மரத்தின் பட்டையும் சேர்த்துத் திரிக்கிறார்கள். பிறகு மரப்பட்டைச் சாற்றில் ஊறவைப்பார்கள், உப்புத் தண்ணீரில் இற்றுப்போகாமல் இருக்க. நைலான் வந்த பிறகும் தேனாவின் முதல் எறியுளிக்கு லேயோதான் என்றார்கள். படகைக் கரையில் விட்டுவிட்டாலும் லேயோவைக் கரையில் விடுவதில்லை. கடலிலிருந்து வந்ததும் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு குலத்தின் மூத்த வீட்டுக்குக் கொண்டுபோய், முன்னோரின் பொருள்கள் இருக்கும் இடத்திலேயே வைக்கிறார்கள். படகின் உயிர் அதில் இருப்பதாக நம்பிக்கை.

நான் தங்கிய வீட்டில் ஒன்று இருந்தது. இரவில் அதன் கீழேதான் பாய் போட்டுத் தந்தார்கள். கையால் தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டேன். பெரியவர் என் கைகளைக் கழுவிவிட்டு வரச் சொன்னார்.